வெல்டர்ஹோர்ஸ்ட் கோட்டையின் கறிவேப்பிலை

யோசெப்புக்குப் பிரெஞ்சு தெரியும் என்று சொன்னால் அது பாதிப் பொய். தெரியாது என்று சொன்னாலும் பாதிப் பொய்தான். கடைக்குப் போய் ஒரு சோடி காலுறை கேட்டு வாங்க அவருக்கு நாக்கு எழும்பாது. ஆனால் அகழி, தூக்குப்பாலம், பீரங்கி, பிரபு, பிரபுவின் இரண்டாம் மனைவி, இவை எல்லாவற்றுக்கும் பிரெஞ்சுச் சொல் நுனிநாக்கில் நிற்கும். 2006ஆம் ஆண்டு மே மாதம் தொடக்கம் ஒரு ஒல்லாந்துக் கோட்டையின் வரலாறு எழுதிய பதினான்கு பலகைகளை அவர் தினமும் காலையில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிற மனுசன் வாசிக்காமல் எப்படித் துடைப்பது?

அவர் வேலை செய்த இடம் மொன்றியல் நகரத்து அஹுன்ட்சிக்கில், ஆற்றங்கரைப் பக்கம், முன்னொரு காலத்தில் கன்னியாஸ்திரிகள் மடத்துக்குச் சொந்தமாயிருந்த ஒரு கண்ணாடித் தோட்டம். சென்ற்-ஒடீல் என்று பெயர். அதற்கு முன் பதினொரு வருடம் டோர்வல் விமான நிலையத்தில் மற்றவர்களுடைய பெட்டிகளைத் தூக்கினார். பிறகு முள்ளந்தண்டு இனி ஏலாது என்று சொல்லிவிட்டது. கண்ணாடித் தோட்டத்தில் கூட்டவும் துடைக்கவும் ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார், கிடைத்தது.

போன முதல் நாளே அவருக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. ஒருவரும் கத்துவதில்லை. வெளியே குளிரடித்தாலும் உள்ளே மேற்சட்டை தேவையில்லை. மத்தியானம் வாழைக்குக் கீழே உட்கார்ந்து சோறு தின்னலாம், கேட்பாரில்லை. ஐம்பத்திரண்டு வயதில் வேலைக்குப் போவதற்காகக் காலையில் சந்தோசமாக எழும்புகிற ஒரு மனுசனாகத் தான் மாறிவிட்டதை நினைத்து அவருக்கே வெட்கமாயிருந்தது. ஒப்பந்தம் ஒக்ரோபர் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குப் பிறகு நிரந்தரமாக வைத்துக்கொள்வார்களா என்று பணிப்பாளர் கார்னோவிடம் ஒருமுறை கேட்டார். பார்ப்போம் என்றார் கார்னோ. அந்தச் சொல்லுக்கு எந்தப் பாசையிலும் ஒரே கருத்துத்தான்.

அந்த வருடக் கண்காட்சி வெல்டர்ஹோர்ஸ்ட் என்ற கோட்டையும் அதன் தாவரத் தோட்டமும். கோட்டையை முதலில் கட்டியவன் ஆற்றால் போகிற படகுகளை மறித்து வரி பிடுங்குவதற்காகவே கட்டினான் என்று முதலாம் பலகை ஒளிக்காமல் சொன்னது. இரண்டு தரம் எரிந்து இரண்டு தரம் எழும்பிய பிறகு, அந்தக் குடும்பத்து இளைய மகன் ஒருவன், சொத்தில் பங்கில்லாதவன், ஒல்லாந்துக் கம்பனிக் கப்பலில் ஏறி இலங்கைக்கு வந்திருக்கிறான். வந்து ஒன்பது வருடம் இருந்தது வேறெங்குமில்லை, மன்னார்க் கோட்டையில்.

நாலாம் பலகையில் மன்னார்க் கோட்டையின் படம் இருந்தது. யோசெப் அதற்கு நேரெதிரே பேருந்துக்குக் காத்து நின்றே பாதி இளமையைக் கழித்தவர். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அவர் அறிய எப்போதும் யாராவது துவக்கோடு உள்ளே இருந்தார்கள். அந்த மதிலின் உட்பக்கம் எப்படியிருக்கும் என்பதை அவர் மொன்றியலில், கையில் ஈரத்துணியோடு நின்றுதான் முதல்முதலாகக் கண்டார்.

அந்த இளைய மகன் ஊர் திரும்பும்போது ஏழு பெட்டி விதைகளும் செடிகளும் கொண்டு போனான். மூத்தவன் பிள்ளையில்லாமல் செத்ததால் கோட்டை இவன் கைக்கு வந்தது. தெற்குப் பக்க அகழியை மூடி அதன்மேல் கண்ணாடி வீடு கட்டினான். நம்முடைய வெயிலை அங்கே உண்டாக்க இரவு பகலாக அடுப்பெரித்தான். தனக்கு எரிக்கிற விறகை விடச் செடிகளுக்கு எரிக்கிற விறகு கூட என்று இரண்டாம் மனைவி தன் தங்கைக்கு எழுதிய கடிதம் ஏழாம் பலகையில் இருந்தது. யோசெப்புக்கு அந்தப் பெண்பிள்ளை மேல் பாவமாயிருக்கும்; அந்தப் பலகையைக் கொஞ்சம் கூடுதலாகவே துடைப்பார்.

நூறு வருடம் கழித்துப் பிரெஞ்சுப் படை வந்து கண்ணாடி வீட்டில் குதிரை கட்டியது. பேரப்பிள்ளைகள் மிஞ்சியதிலிருந்து மீண்டும் செடி சேர்த்தார்கள். பிறகு 1944இல் விழுந்த பீரங்கிச் செல்லில் ஒரு கண்ணாடியும் மிச்சமில்லை. அந்தக் குளிர்காலத்தில் அந்த நாட்டுச் சனம் பசியில் துலிப் பூக்கிழங்கு அவித்துத் தின்றது. கோட்டைத் தோட்டக்காரரின் மனைவி மூன்று சாடிகளைத் தூக்கித் தன் குசினி அடுப்போரம் வைத்தாள். இரண்டு செத்தன, ஒன்று பிழைத்தது. மன்னாரிலிருந்து போன அந்தப் பரம்பரையில் உயிரோடு நின்றது அது ஒன்றுதான். அதன்மேல் இனி ஒரு கத்தியும் படக்கூடாது என்று தோட்டக்காரர் எழுதி வைத்தார். அறுபத்திரண்டு வருடமாக ஒருவரும் தொடவில்லை.

அந்தச் செடிதான் எத்தனையோ முத்திரை குத்திய கடதாசிகளோடு மொன்றியலுக்கு வந்து இறங்கியது. செடிகளுக்குப் பொறுப்பான சில்வி என்ற பெண் பெட்டியைப் பிரித்தபோது யோசெப் பக்கத்தில் நின்றார். உள்ளே இருந்தது, சொன்னால் கோட்டைக்காரர் கோவிப்பார்கள், ஒரு தடி. பத்து வயதுப் பிள்ளையின் உயரம், மூங்கில் குச்சியில் கட்டிய மெல்லிய தண்டு, உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை. மேசையைத் துடைக்கும்போது அவருடைய கை அந்த இலையில் உரசியது. வாசம் வந்தது. அவருக்கு உடனே பசித்தது.

இது கறிவேப்பிலை என்று அவர் சில்விக்குச் சொன்னார். சில்வி தனக்கும் தெரியும் என்று சிரித்தாள். பிறகு செடியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, தொடக்கூடாது என்று இரண்டு பாசையில் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டாள். ஒவ்வொரு திங்களும் அடிமட்டத்தால் உயரம் அளந்து எழுதுவாள். ஒரு இலை உதிர்ந்தாலும் எடுத்து உறையில் போட்டுத் திகதி எழுதுவாள். ஆசுபத்திரியில் கிடக்கிற ராசாவைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

செடி வந்த மூன்றாம் கிழமையில், ஒரு வெள்ளிக்கிழமை, அது நடந்தது. யோசெப் வேலை முடித்து, அன்றைக்கு வீட்டில் மீன்சொதி என்ற நினைப்போடு செடியைத் தாண்டி வந்தார். கறிவேப்பிலை மரத்தைத் தாண்டி அடுப்படிக்குப் போகிற நம்முடைய ஆட்கள் ஒரு நெட்டு முறித்துக்கொண்டு போவது யோசித்துச் செய்கிற வேலையில்லை. கை தன்பாட்டில் போகும், முறிக்கும், வரும். அவருடைய கையும் சிவப்புக் கயிற்றுக்கு மேலால் போய், முறித்து, வந்தது. உள்ளங்கையில் பார்த்த பிறகுதான் உயிர் போனது. முறிந்தது சும்மா நெட்டு அல்ல, குருத்து. முந்நூறு வருடப் பிரபு வம்சத்துச் செடியின் தலையைக் கிள்ளியிருந்தார்.

ஒட்ட வைக்கிற சாமானா அது? சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினார்.

வீட்டில் அவருடைய மனைவி பிலோமினம்மா, சட்டையைத் தோய்க்கப் போட எடுத்தபோது அதைக் கண்டுபிடித்தாள். முகர்ந்து பார்த்தாள். கடையில் பொலித்தீன் பையில் வருகிறது போல இல்லை, இது இலை என்று சொன்னாள். எங்கே எடுத்தது என்று கேட்டாள். ரொக்ஸ்பரோவில் இருக்கிற நிரூபன் வீட்டுச் சாடியில் என்று யோசெப் சொன்னார். நிரூபன் அவரோடு டோர்வலில் பெட்டி தூக்கிய மட்டக்களப்புப் பெடியன். அவன் வீட்டில் கறிவேப்பிலை இருந்ததா இல்லையா என்பதே யோசெப்புக்குத் தெரியாது.

பொய் சும்மா படுத்துக் கிடக்காது. அடுத்த கிழமை பிலோமினம்மா நிரூபனின் மனைவிக்கென்று மீன் கட்லட் பொரித்து ஒரு பெட்டியில் கொடுத்துவிட்டாள். வாங்கியதற்குத் திருப்பிக் கொடுக்காமல் இருக்க அவளால் ஏலாது. யோசெப் என்ன செய்வார்? பேருந்தில் இருந்து அவ்வளவையும் தானே தின்றார். நல்லாயிருந்ததாம் என்று வந்து சொன்னார். அதன்பிறகு கட்லட் ஒவ்வொரு கிழமையும் வந்தது.

களவெடுத்தவர் களவோடு நிறுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் இரண்டு கிழமையில், கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு பச்சைப் புள்ளிகளைக் கண்டார். அவை இரண்டு கிளையாகின. யோசெப்புக்குப் பட்ட நிம்மதி சொல்லி முடியாது. அந்தச் செடிக்கு என்ன குறை என்று அப்போதுதான் விளங்கியது. அறுபத்திரண்டு வருடமாக ஒருவரும் அதைக் கிள்ளவில்லை. கிள்ளாத கறிவேப்பிலை ஒற்றைத் தடியாகப் போய் நிற்கும், அது ஒன்றும் பெரிய விஞ்ஞானம் இல்லை. அடுத்த வெள்ளி அந்த இரண்டு நுனியையும் கிள்ளினார். இந்தத் தரம் கை தன்பாட்டில் போகவில்லை, தெரிந்தே போனது.

ஓகஸ்டில் செடி பற்றையாக நின்றது. முதல் கிள்ளிய கிழமை உயரம் நாலு சென்றிமீற்றர் குறைந்ததைக் கண்டு சில்வி முதலில் அடிமட்டத்தை மாற்றினாள். பிறகு, தான் ஊற்றிய கடற்பாசி உரம்தான் கிளை எடுக்க வைத்தது என்று உண்மையாகவே நம்பினாள். உள்ளூர்ப் பத்திரிகையில் அவளும் செடியும் நிற்கும் படம் வந்தது. கார்னோ அதை வெட்டித் தன் மேசைக்குப் பின்னால் கந்தோர்ச் சுவரில் ஒட்டினார். சனம் கூடியது. எல்லாருக்கும் சந்தோசம். யோசெப் மட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை அப்பம் எடுக்கப் போகாமல் கோயிலின் கடைசி வாங்கிலேயே நின்றார். போவதென்றால் முதலில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், செய்தால் களவெடாதே என்ற ஏழாம் கட்டளை வரும், வந்தால் சுவாமி இனிச் செய்யாதே என்பார். இனிச் செய்யாவிட்டால் செடிக்குக் கூடாது. மனுசன் உண்மையாகவே அந்தச் சிக்கலில்தான் நின்றார்.

ஒக்ரோபர் நடுவில் ஒல்லாந்திலிருந்து ஹென்றிக்கா என்ற பெண்மணி வந்தார். கோட்டைத் தோட்டத்தின் தலைவி. அறுபது வயது, நெடிய உருவம், மண் ஏறிய நகங்கள். குசினி அடுப்போரம் சாடி வைத்தாளே, அந்தத் தோட்டக்காரர் மனைவியின் மகள். கத்தி படக்கூடாது என்று எழுதியது இவருடைய அப்பா. செடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு ஒருவரையும் பாராமல் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

கோட்டையில் கண்ணாடி வீட்டுக் கூரை திருத்துகிறார்கள், இரண்டு வருடமாகும், அதுவரை செடியை இங்கே விடுவதா, பெல்ஜியத்தில் உள்ள ஒரு தோட்டத்துக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கவே வந்தேன் என்றார். பெல்ஜியத்தில் இதன் வேரில் வெடித்த இரண்டு கன்றுகள் நிற்கின்றனவாம். இதைப் போலவே தடியாகப் போய், வருடத்துக்கு வருடம் மெலிந்து, வருகிற குளிர்காலத்தைத் தாங்காவாம். சில்வியின் உர முறையை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். இந்த முறையை நாளைக்கே பெல்ஜியத்துக்கு எழுதி அனுப்பப் போகிறேன் என்றார். யோசெப் பக்கத்தில் நின்று ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் கார்னோ அவரைக் கூப்பிட்டு, நிரந்தர வேலைக்குக் கடதாசி தயாராகிறது, அனேகமாகச் சரி என்று சொன்னார். ஆறு மாதம் காத்திருந்த சொல். அதைக் கேட்டு யோசெப்பால் சிரிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே பிலோமினம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முதலில் அவளுக்குச் சுட்டது கட்லட்.

"அப்ப நான் பொரிச்சுத் தந்த அவ்வளவையும் நீங்களே திண்டனீங்கள்?"

"ஓம்."

"அந்தப் பிள்ளை ஒரு நன்றி சொல்லி ரெலிபோன் எடுக்கேல்லையெண்டு நான் மனசுக்குள்ள திட்டினன்."

பிறகு, சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டாள்.

"வேலை கையில நிக்கும். அங்க நிக்கிற ரெண்டு கன்றும் செத்துப்போம். இதையும் அங்க கொண்டுபோனா ரெண்டு வருசத்தில திருப்பித் தடியாகீடும்."

"மரமே உங்களுக்குச் சம்பளம் தரப்போகுது?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பைத் திரும்ப மூட்டினாள். தாளித்தாள். எண்ணெயில் இலை வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருவரும் நின்றார்கள். பிறகு அவரைப் பாராமலே சொன்னாள்: "போய்ச் சொல்லுங்கோ. இல்லாட்டி இனிக் காலம் முழுக்கக் கடைசி வாங்கிலதான் நிப்பியள். நான் தனிய நன்மைக்குப் போக, சனம் என்னைப் பாக்கும்."

அடுத்த நாள் காலையில் கார்னோவும் சில்வியும் ஹென்றிக்காவும் செடிக்குப் பக்கத்தில் நின்றபோது யோசெப் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார். அவரிடம் இருந்தது பலகைப் பிரெஞ்சு. அகழியும் பீரங்கியும் அங்கே உதவவில்லை. அவர் சொன்னதைத் தமிழில் போட்டால் இவ்வளவுதான் வரும்:

"உரம் இல்லை. நான் கிள்ளினேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். கிள்ளினால்தான் இது வளரும். கிள்ளியதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்றோம்."

சில்வியின் முகம் சிவந்தது. அவளுக்காகவும் அவர் துக்கப்பட்டார், நல்ல பிள்ளை. கார்னோவின் முகம் வெளுத்தது. கண்காட்சிச் செடியில் கை வைப்பது பற்றி ஒப்பந்தத்தில் தனி வசனம் உண்டு என்று அவர் மெதுவாகச் சொன்னார், அறிக்கை எழுத வேண்டி வரும் என்றார், அந்த நிரந்தர வேலைக் கடதாசியைப் பற்றி இனிப் பேச்சில்லை என்றார். யோசெப் தலையாட்டினார்.

ஹென்றிக்கா செடிக்குக் கிட்டப் போய்க் குனிந்து, ஒவ்வொரு கிளையாக, கிள்ளிய தழும்புகளை விரலால் தடவித் தேடினார். அப்பாவின் சட்டத்தை மீறி இருபது இடத்துக்கு மேல் முறித்திருந்தது. ஒவ்வொரு முறிவுக்குக் கீழேயும் இரண்டு கிளை. நிமிர்ந்து, எப்படிக் கிள்ளினீர்கள், காட்டுங்கள் என்றார்.

யோசெப் கார்னோவைப் பார்த்தார். கார்னோ கூரையைப் பார்த்தார். யோசெப் கயிற்றைத் தாண்டிப் போய், பெருவிரலும் சுட்டுவிரலுமாக நுனியைப் பிடித்து ஒரு முறி முறித்து, நெட்டோடு நீட்டினார். ஹென்றிக்கா அதிலிருந்து ஒரு இலையை உருவி வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"அறுபது வருடம் இதோடு ஒரே வீட்டில் இருந்தேன்" என்றார். "இதன் ருசி எனக்குத் தெரியாது."

"அந்தப் பஞ்சத்திலும் ஒருவரும் தின்னவில்லையா?" என்று யோசெப் கேட்டார்.

"அம்மா விடவில்லை. நாங்கள் கிழங்கு தின்று இதைக் காப்பாற்றினோம் என்பாள்."

தன் ஊர்க் கறிவேப்பிலைக்காக ஒரு வெள்ளைக்காரி பசி கிடந்தாள் என்று பதின்மூன்றாம் பலகை யோசெப்புக்குச் சொன்னதுதான், ஆனால் அவர் அதைத் துடைத்த அளவுக்கு விளங்கிக்கொண்டிருக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள், மனைவி மீன்சொதி வைப்பாள் என்று கேட்டார். வேலை போன மனுசன் விருந்துக்கு அழைக்கிறான் என்று கார்னோ வாயைப் பிளந்தார். ஹென்றிக்கா வந்தார். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பிலோமினம்மாவிடம் ஒவ்வொரு சாமானாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த ஒரு பின்னேரம் அந்த வீட்டில் வேலையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து கார்னோவின் கந்தோரில் யோசெப்பையும் கூப்பிட்டு வைத்தார்கள். அறிக்கையில் கையெழுத்து வாங்கத்தான் என்று நினைத்து, தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார். மேசையில் இருந்தது வேறு கடதாசி. செடி இன்னும் இரண்டு வருடம் சென்ற்-ஒடீலிலேயே நிற்கலாம், பெல்ஜியக் கன்றுகளும் இங்கே வரும், ஆனால் மூன்று நிபந்தனை என்று ஹென்றிக்கா எழுதியிருந்தார். கார்னோ வாசித்தார். ஒன்று, வாரத்துக்கு ஒருமுறை நுனி கிள்ள வேண்டும். இரண்டு, கிள்ளுவது யோசெப் மட்டுமே. மூன்றை வாசிக்க முன் கார்னோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டார். கிள்ளிய இலையைப் பதிவுக்கென்று உறையில் போட்டு வைக்கக் கூடாது, சமைக்க வேண்டும்.

சில்வி முதலில் சிரித்தாள். எனக்கும் கிள்ளப் பழக்கிவிடுங்கள் என்று யோசெப்பிடம் கேட்டாள், அதனால் இரண்டாம் நிபந்தனையில் அவளுடைய பெயரும் சேர்ந்தது.

கார்னோ பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கோட்டைப் பதிவேட்டில், 1700ஆம் ஆண்டிலிருந்து அந்தச் செடியைப் பார்த்தவர்கள் எல்லாருடைய பெயரும் தொழிலும் வரிசையாக இருக்கின்றன, இவருடையதும் ஏற வேண்டும் என்று ஹென்றிக்கா சொன்னார். ஹென்றிக்காவே பெயரை எழுதினார். ஊர் என்ன என்று கேட்டார், மன்னார் என்று எழுதினார். தொழில் என்ற கட்டத்துக்கு வந்ததும், மாத முடிவில் வேலை இருக்கப்போகிறதோ இல்லையோ என்று தெரியாத யோசெப், துப்புரவு என்று சொல்ல வாயெடுத்தார்.

கார்னோ குறுக்கிட்டார்.

"ஜார்டினியே" என்றார். "தோட்டக்காரர் என்று எழுதுங்கள். நிரந்தரம்."

அந்தச் சொல் எந்தப் பலகையில் எந்த வரியில் இருக்கிறது என்று யோசெப்புக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு தரம் சொல்லும்படி கேட்டார்.